நெல்லைக்கு நாமே செய்யும் ஜிபிஎஸ் வரைபடம்

கார்மின் ஜிபிஎஸ் கைக்கருவிக்கு வழிகாட்டும் வரைபடத்தை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்தே செய்துவிடலாம். அந்தத் தரவைப் பகுதி பகுதியாகத் தரும் ஜியோஃபேப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென் மண்டலக் கோப்பு கிடைக்கும். தரவை வெட்டும் ஆஸ்மியம் என்ற மென்பொருளால் கிழக்கு 77.1 முதல் 78.2 வரை, வடக்கு 8.0 முதல் 9.5 வரை வெட்டினால் நெல்லையும் தென்காசியும் அடங்கும். அதை ஸ்ப்ளிட்டர் என்ற மென்பொருளில் துண்டாக்கி, கார்மின் வரைபடமாக மாற்றும் எம்கேஜிமேப்பில் கொடுங்கள். இரண்டுக்கும் கணினியில் ஜாவா வேண்டும்.

எம்கேஜிமேப்பில் 'ரூட்' ஆப்ஷனை விட்டுவிட்டால் படம் தெரியும், வழி சொல்லாது. இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதையும் குறிப்பிடுங்கள். பல கருவிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது, பெயரெல்லாம் கட்டம் கட்டமாக வரும். ஆங்கிலப் பெயரை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். தரவை வெட்டும்போது கடற்கரைக் கோடும் அறுபடுவதால் உவரிப் பக்கம் நிலமே கடலாகிவிடலாம், அதனால் முன்பே தயாரித்து வைத்திருக்கும் கடல் எல்லைக் கோப்பைச் சேர்ப்பது நல்லது.

வழி தப்பினால் பெரும்பாலும் தவறு மூலத் தரவில்தான். இரண்டு சாலைகள் சந்திக்குமிடத்தில் பொது நோடு (இரண்டையும் இணைக்கும் புள்ளி) இல்லையென்றால் கருவிக்கு அங்கே திருப்பமே கிடையாது. நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் இதற்கு நேர்மாறு: மேல் தளமும் கீழ்த் தளமும் நடுவில் நோடைப் பகிர்ந்தால், பாலத்தின் மேலிருந்தே கீழே திரும்பச் சொல்லும்! மாஞ்சோலைச் சாலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாடு தரவில் பதிவாகாவிட்டால் கருவி கூசாமல் அந்த வழியே அனுப்பும். இவற்றை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே திருத்துங்கள், அடுத்தவருக்கும் உதவும்.

எம்கேஜிமேப்பிலிருந்து கிடைக்கும் ஜிமேப்சப் என்ற வரைபடக் கோப்பை மெமரி கார்டில் கார்மின் ஃபோல்டருக்குள் போடுங்கள். கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்கட்டும்.