சிசெஸ்டர் சந்தைச் சிலுவை: மாதிரி நிமிர்ந்து நின்றது

மூன்று வாரமாக மேசையில் துண்டு துண்டாகக் கிடந்த சிசெஸ்டர் சந்தைச் சிலுவை நேற்று இரவு நிமிர்ந்து நின்றது.

பெயர்தான் சிலுவை. பார்த்தால் கல் மண்டபம். தெற்கு இங்கிலாந்தில், சிசெஸ்டர் நகரின் நான்கு பெரிய தெருக்களும் கூடும் இடத்தில் இருக்கிறது. 1501-இல் ஆயர் எட்வர்ட் ஸ்டோரி கட்டிக்கொடுத்தது. ஏழைகள் சுங்கம் கட்டாமல் இதன் நிழலில் உட்கார்ந்து விற்கலாம் என்பது ஏற்பாடு. ஒரு கூடை முட்டையோடு வருபவருக்காக இத்தனை வேலைப்பாடா என்று மலைத்துப்போய்த்தான் இதைச் செய்ய உட்கார்ந்தேன்.

அசலின் உயரம் ஏறக்குறைய 50 அடி. ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் 30 செ.மீ. அடித்தளம் எண்கோணம், அகலத்தை 0.414-ஆல் பெருக்கினால் ஒரு பக்கத்தின் நீளம் கிடைக்கும். நான் வைத்த 16 செ.மீ. அகலத்துக்கு 6.6 செ.மீ. சேரும் விளிம்புகளை 22.5 பாகையில் சீவவேண்டும். முதலில் 45 பாகையில் சீவிவிட்டதால் ஒரு முழு ஃபோம் போர்டு வீணானது.

எட்டு வளைவுகளும் நடுத்தூணும் சுலபமாக முடிந்தன. மேலே மூலைக்கு ஒன்றாகக் கிளம்பி, நடுவில் உள்ள சிறு கோபுரக் கூண்டைத் தாங்கும் எட்டு வளைந்த கைகள்தான் பாடாய்ப்படுத்தின. ஒவ்வொன்றாக ஒட்டினேன், பசை காய்வதற்குள் கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு தடவை பிரித்து ஒட்டியும் அதே கதை. அப்புறம்தான் உறைத்தது: ஒரு கை உள்ளே தள்ளினால் எதிர்க்கை திருப்பித் தள்ளவேண்டும். சரி என்று, எதிரெதிர் கைகளை ஜோடி ஜோடியாக, ஒரே நேரத்தில் வைத்தேன். நான்காவது ஜோடி சேர்ந்ததும் கையை எடுத்தேன். அசையவில்லை. கல்லில் இதைச் செய்த கொத்தர்கள் கீழே எவ்வளவு சாரம் கட்டியிருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

மாடங்களில் சிலை வைப்பதா என்று யோசித்தேன். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், 1642-இல், நாடாளுமன்றப் படையினர் அங்கிருந்த சிலைகளை உடைத்துவிட்டார்கள். அதனால் காலியாகவே விட்டேன். கிழக்கு முகத்தில் மட்டும் முதலாம் சார்லஸ் மன்னரின் மார்பளவுச் சிலை வரும். 1746-இல் ரிச்மண்ட் கோமகன் செலவில் பழுதுபார்த்த செய்தி பொறித்த பலகையைத் தாளில் எழுதி ஒட்டியாயிற்று. மீதி இருப்பது கடிகார முகங்கள். வட்டமாக வெட்ட நல்ல பிளேடு வாங்கவேண்டும்.