சிவப்புக் கோட்டுக்குள் இருந்த வீடுகள்

அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்களுக்கும் வெள்ளையினக் குடும்பங்களுக்கும் இடையே உள்ள சொத்து வித்தியாசத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், விவாதம் சம்பளம், படிப்பு, சிக்கனம் என்றே சுற்றிவருகிறது. எல்லாக் குடும்பங்களையும் சொத்து அளவுப்படி வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பர் வரிசையில் அதே இடத்தில் நிற்கும் குடும்பத்துக்கு 44,900 டாலர். இது அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022இல் எடுத்த கணக்கு. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இந்தப் பள்ளத்தைச் சம்பளத்தை மட்டும் வைத்து விளக்க முடியாது. வீட்டுக்கடன் யாருக்கு, எந்தத் தெருவில், எந்த நிபந்தனையில் கிடைத்தது என்று பார்த்தால்தான் புரியும்.

1930களுக்கு முன் அமெரிக்காவில் வீடு வாங்க ஏறக்குறைய பாதி விலையைக் கையில் வைத்திருக்க வேண்டும். மீதியை ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் அடைக்க வேண்டும். பெரும்பாலும் மாதாமாதம் போவது வட்டிதான்; அசல் கடைசியில் மொத்தமாக வந்து நிற்கும். பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்த மொத்தத்தைக் கட்ட முடியாமல் லட்சக்கணக்கானவர்கள் வீட்டை இழந்தார்கள். ரூஸ்வெல்ட் அரசு இரண்டு அமைப்புகளைக் கொண்டுவந்தது. 1933இல் வந்த ஹெச்.ஓ.எல்.சி. (வீட்டு உரிமையாளர் கடன் கழகம்) மூழ்கவிருந்த சுமார் பத்து லட்சம் கடன்களைத் தானே வாங்கி, நீண்ட காலத் தவணையாக மாற்றியது. 1934இல் வந்த எஃப்.எச்.ஏ. (மத்திய வீட்டுவசதி நிர்வாகம்), வங்கிகள் கொடுக்கும் வீட்டுக்கடனுக்கு அரசு காப்பீடு தந்தது. வாங்கியவர் கட்டாவிட்டால் வங்கிக்கு நஷ்டம் இல்லை. அதனால் 20 சதவீத முன்பணம், 20 வருடத் தவணை, குறைந்த வட்டி என்று கடன் எளிதானது. பிறகு முன்பணம் இன்னும் குறைந்தது, காலம் 30 வருடமாக நீண்டது. இன்றைய அமெரிக்க நடுத்தர வர்க்கம் நிற்பது இந்தக் கடன்மேல்தான்.

ஹெச்.ஓ.எல்.சி. 1935 முதல் 1940 வரை இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ண வரைபடம் போட்டது. ஏ வகைப் பகுதிகளுக்குப் பச்சை, பி வகைக்கு நீலம், சி வகைக்கு மஞ்சள், அபாயம் என்று குறித்த டி வகைக்குச் சிவப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் வீடுகளின் வயது, கட்டுமானம், வாடகை ஆகியவற்றோடு, கறுப்பர்கள் இருக்கிறார்களா, எத்தனை சதவீதம், வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர், புதிதாக யார் ஊடுருவுகிறார்கள் என்றெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. ஒரு தெருவில் மனிதர் குடிவருவதை 'ஊடுருவல்' என்று அரசுப் படிவமே அச்சடித்திருந்தது. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இந்த வரைபடங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. நகரத்தின் பெயரைத் தேடி, ஒரு சிவப்புப் பகுதியைத் தட்டினால் படிவத்தில் இருந்தவற்றை வாசிக்கலாம்.

எல்லாப் பழியையும் இந்த வரைபடங்கள்மேல் போடுவது சரியல்ல. ஹெச்.ஓ.எல்.சி. சிவப்புப் பகுதிகளிலும் கடன் கொடுத்தது. அதில் கறுப்பினக் குடும்பங்களும் இருந்தன. உண்மையில் கதவை அடைத்தது எஃப்.எச்.ஏ. கடன் மதிப்பீட்டுக்கு அது வெளியிட்ட கையேடே, வெவ்வேறு இனத்தவர் கலந்து வாழ்ந்தால் சொத்தின் மதிப்பு சரியும் என்று சொன்னது. கறுப்பருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்ப்பதையும் பரிந்துரைத்தது. டெட்ராய்ட்டில் எட்டு மைல் சாலைக்கு அருகே 1941இல் ஒரு கட்டுமான நிறுவனம் ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பியது. அந்தப் பக்கம் கறுப்பர்கள் இருந்தார்கள். இந்தப் பக்கம் வெள்ளையருக்கு வீடு கட்ட எஃப்.எச்.ஏ. காப்பீடு வேண்டும் என்பதுதான் காரணம். அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது.

போர் முடிந்து வந்த வீரர்களுக்கு 1944இன் ஜி.ஐ. சட்டம் அரசு உத்தரவாதத்தோடு கடன் தந்தது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கடனைக் கொடுக்க வேண்டியது உள்ளூர் வங்கி. 1947இல் மிசிசிப்பியில் இந்த உத்தரவாதத்தோடு வழங்கப்பட்ட வீடு, தொழில், விவசாயக் கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2. அதே காலத்தில் நியூயார்க்கின் லெவிட்டவுன் என்ற புதுக் குடியிருப்பில், 1949 வாக்கில் 7,990 டாலருக்கு வெள்ளையின வீரர்கள் முன்பணமே இல்லாமல் வீடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிறத்தைக் குறிப்பிடாத சட்டமும் ஒரு நிறத்துக்கே பலன் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வங்கிக் கடன் மறுக்கப்பட்டவர்கள் வேறு வழி தேடினார்கள். சிகாகோவில் அந்த வழி 'கான்ட்ராக்ட்' விற்பனை. அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு தரகர், கறுப்பர் குடிவரப்போகிறார்கள் என்று வெள்ளையரைப் பயமுறுத்தி வீட்டை மலிவாக வாங்குவார். சில மாதத்தில் அதையே இரண்டு மடங்குக்கும் மேல் விலை வைத்துக் கறுப்பினக் குடும்பத்துக்கு விற்பார். சிகாகோவின் நார்த் லாண்டேல் பகுதியில் 1961இல் கிளைட் ராஸ் என்பவர் 27,500 டாலருக்கு வாங்கிய வீட்டை, விற்றவர் ஆறு மாதத்துக்கு முன் 12,000 டாலருக்குத்தான் வாங்கியிருந்தார். வாங்குபவர் முன்பணம் கொடுத்து மாதத் தவணை கட்டுவார். கடைசித் தவணை முடியும்வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். ஒரே ஒரு தவணை தவறினாலும் வீடு போய்விடும். கட்டிய பணம் திரும்பாது. வரி, காப்பீடு, கூரை ஒழுக்கு, கொதிகலன் எல்லாம் வாங்குபவர் செலவு. வாடகைக்காரராக இருந்தால் பழுதுபார்ப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. உரிமையாளராக இருந்தால் கட்டிய அசல் தன் சொத்தாகும். கான்ட்ராக்டில் இரண்டுமே கிடையாது. பின்விளைவுகளும் அங்கிருந்தே தொடங்கின: தவணைக்காகக் கணவனும் மனைவியும் இரண்டு வேலை பார்த்தார்கள், அறைகளைப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள், பழுதுபார்ப்பைத் தள்ளிப்போட்டார்கள். தெரு சீரழிந்தது. கறுப்பர் வந்தால் பகுதி கெடும் என்று எஃப்.எச்.ஏ. சொன்னதற்கு, பிறகு இந்தச் சீரழிவையே ஆதாரமாகக் காட்டினார்கள். 1968இல் லாண்டேல் மக்கள் கான்ட்ராக்ட் பையர்ஸ் லீக் என்ற சங்கம் அமைத்து, தவணைப் பணத்தைத் தராமல் நிறுத்திப் போராடினார்கள். நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன.

பெண்களுக்கும் இதே வங்கிக் கவுன்டரில்தான் தடை. 1970களின் தொடக்கம்வரை கணவனும் மனைவியும் சேர்ந்து கடன் கேட்டால், மனைவியின் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்து எடுப்பார்கள், அல்லது சேர்க்கவே மாட்டார்கள். குழந்தை பெற்றால் வேலையை விட்டுவிடுவாள் என்று காரணம் சொன்னார்கள். முழுச் சம்பளத்தையும் சேர்க்க வேண்டுமென்றால், தம்பதி கருத்தடை செய்துகொள்கிறார்கள் அல்லது பிள்ளை பெறும் நிலையில் இல்லை என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கிவரச் சொன்ன வங்கிகள் இருந்தன. வாழ்க்கைத் தேவையால் மனைவியும் வேலைக்குப் போவது வெள்ளையரைவிடக் கறுப்பினக் குடும்பங்களில் அதிகம் என்பதால், இந்த விதி அவர்களை இரண்டு முறை வெட்டியது. இன அநீதி, பாலின அநீதி என்று தனித்தனி அத்தியாயமாக எழுதும்போது இந்த இடம் விடுபட்டுப்போகிறது.

சட்டங்கள் வந்தன. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஃபேர் ஹவுசிங் சட்டம் கையெழுத்தானது. பாலினம் அதில் சேர்ந்தது 1974இல். அதே வருடம் கடன் சமவாய்ப்புச் சட்டம் பாலினத்தையும் திருமண நிலையையும் காரணம் காட்டிக் கடன் மறுப்பதைத் தடை செய்தது. 1976இல் இனமும் சேர்க்கப்பட்டது. அதுவரை இழந்ததைத் திருப்பித் தர ஒரு பிரிவும் இவற்றில் இல்லை.

இன்றைய கடன் நடைமுறை எதைக் கேட்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் முன்பணம். பெற்றோருக்கு வீடு இருந்தால் அதன் மதிப்பைக் காட்டிக் கடன் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். சிவப்புப் பகுதியில் வாடகைக்கு இருந்தவரால் முடியாது. அடுத்து கிரெடிட் ஸ்கோர். அடமானத் தவணையை ஒழுங்காகக் கட்டியது கணக்கில் ஏறும். வாடகையை இருபது வருடம் தவறாமல் கட்டியது பல காலம் கணக்கிலேயே இல்லை. வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் வாடகை வரலாற்றைப் பார்க்கத் தொடங்கியதே 2021இல்தான். மூன்றாவது, வீட்டின் விலை மதிப்பீடு. பக்கத்தில் கடந்த 12 மாதத்தில் விற்ற குறைந்தது மூன்று வீடுகளோடு ஒப்பிட்டு மதிப்பீட்டாளர் விலை சொல்வார். எண்பது வருடமாக மதிப்பு அமுக்கப்பட்ட தெருவில் ஒப்பீட்டு வீடுகளும் அமுக்கப்பட்ட விலையில்தான் விற்றிருக்கும். மூன்றிலும் நிறத்தைப் பற்றிக் கேள்வி இல்லை. மூன்றும் உன் அப்பாவுக்கு என்ன இருந்தது என்றுதான் கேட்கின்றன.

மதிப்பீடு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இதோ. 4,00,000 டாலர் வீடு, 10 சதவீத முன்பணம்: கையில் 40,000 போதும். மதிப்பீட்டாளர் 3,60,000 என்று எழுதினால் வங்கி அதில் 90 சதவீதம், அதாவது 3,24,000 மட்டுமே தரும். இப்போது 76,000 வேண்டும். சேமிப்பில்லாத குடும்பம் அங்கேயே நின்றுவிடும். மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு மூன்று வேலை நாள் முன்பாவது தர வேண்டும் என்பது விதி. எந்த வீடுகளோடு ஒப்பிட்டார்கள், பரப்பளவும் அறைகளும் சரியாக இருக்கின்றனவா, பெரிய சாலைக்கு அந்தப் பக்கமுள்ள வீடுகளை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்களா என்று பார்த்து, பொருத்தமான விற்பனைகளைக் குறிப்பிட்டு மறுபரிசீலனை கேட்கலாம். கடன் மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். காரணத்தையும் கேட்டு வாங்கலாம். மத்திய வீட்டுவசதித் துறைக்குப் புகார் ஒரு வருடத்துக்குள், நீதிமன்றத்துக்கு இரண்டு வருடத்துக்குள்.

கடன் மறுப்பு மட்டுமே பாகுபாடு அல்ல. 2008 நெருக்கடிக்கு முந்தைய வருடங்களில் கறுப்பின, லத்தீன் குடும்பங்களுக்குக் கூடுதல் கட்டணத்தையும் வட்டியையும் ஏற்றியதாக மத்திய அரசின் நீதித்துறை தொடுத்த வழக்கில், கன்ட்ரிவைட் என்ற வீட்டுக்கடன் நிறுவனம் 2011இல் 33.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசமானது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாக நீதித்துறை சொன்னது. இப்படிப்பட்ட அநீதியைப் பிடிக்க, ஒருவரின் உள்நோக்கத்தை நிரூபிக்காமல் விளைவைக் காட்டியே வாதிடும் சட்டவழி முக்கியம். அதை உச்ச நீதிமன்றம் 2015இல் ஏற்றது. 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப், மத்தியத் துறைகள் அந்த வழியைப் பின்தள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். பாகுபாடு நிறத்தின் பெயரைச் சொல்லாமலே நடக்கும்போது, விளைவைப் பார்க்காதே என்பது எதையுமே பார்க்காதே என்பதுதான்.

பழைய இழப்பை ஈடுகட்ட, இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம் 2021இல், 1919க்கும் 1969க்கும் இடையே அங்கே வாழ்ந்த கறுப்பர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் வீட்டுக்காக 25,000 டாலர் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பணம் கஞ்சா விற்பனை வரியிலிருந்து. அதை எதிர்த்து 2024இல் வழக்கும் வந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் வழி எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. சியாட்டில் சுற்றுவட்டாரத்தின் பழைய மூலப்பத்திரங்கள் சிலவற்றில் கறுப்பர், யூதர், ஆசியர் குடியிருக்கக் கூடாது என்ற வரி இன்றும் இருக்கிறது. 1948இல் உச்ச நீதிமன்றம் அது நீதிமன்றத்தில் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது, ஆனால் எழுத்து அழியவில்லை. அங்கே வீடு வாங்கிய தமிழர்கள் தங்கள் பத்திரத்தில் அதைக் கண்டால், மாவட்டப் பதிவு அலுவலகத்தில் திருத்த ஆவணம் பதியலாம். பதிவுக் கட்டணம் இல்லை. 2023இல் அந்த மாநிலம் இயற்றிய சட்டப்படி, சொத்து ஆவணம் பதியும்போது 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து, 1968 ஏப்ரலுக்கு முன் மாநிலத்தில் வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் முதல் வீட்டின் முன்பணத்துக்கு உதவி கிடைக்கிறது. வருமான வரம்பு உண்டு. தகுதியுள்ள இனங்களின் பட்டியலில் கறுப்பர், லத்தீனர், பூர்வகுடியினர், கொரியர் ஆகியோருடன் இந்திய வம்சாவளியினரும் இருக்கிறார்கள். மென்பொருள் வேலைக்காகப் பின்னாளில் வந்த குடும்பங்களுக்கு இந்த உதவி கிடைக்காது. ஆனால் அவர்களின் பதிவுச் செலவிலும் அந்த 100 டாலர் இருக்கும்.