பெருமாளுக்குப் பத்து நாள் தீட்டு

ஒடிசாவின் புரி கோயிலில் ஜகந்நாதர் இறக்கிறார். உவமையாகச் சொல்லவில்லை. பழைய திருமேனியை மண்ணில் புதைக்கிறார்கள். உறவுக்காரர்கள் பத்து நாள் தீட்டுக் காத்து, மொட்டையடித்துத் தலைமுழுகி, பதின்மூன்றாம் நாள் விருந்து போடுகிறார்கள். கடைசியாக இது நடந்தது 2015-இல். அதற்கு முன் 1996, 1977, 1969, 1950.

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பெருமாளுக்குத் தீட்டா? பங்காளி யாரடா?" என்றுதான் முதலில் கேட்டார். கடவுள் சாவாரா என்ற கேள்வியைவிட இது நல்ல கேள்வி என்பது எனக்குப் புரியில்தான் உறைத்தது.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் புவனேஸ்வரத்தில் இறங்கினால் புரி 60 கிலோமீட்டர். பண்டாக்கள் எனப்படும் கோயில் பூசாரிகளின் இழுபறியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். சிங்க வாசலில் கைபேசியை ஒப்படைத்துவிட்டு இருபத்திரண்டு படிகள் ஏறி உள்ளே போனோம். கூட்டம் நெட்டித் தள்ளியதில் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். இமையில்லாத வட்டக் கண்கள், முழுமை பெறாத கைகள், கன்னங்கரிய முகம். பக்கத்தில் வெள்ளை நிறத்தில் பலபத்திரர், நடுவே மஞ்சள் முகத்துடன் சுபத்திரை. நம் கோயில்களின் கல் மூலவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒரு திகைப்பு வரும். இவர் வேப்பமரம். மரம் என்றால் உளுக்கும். உளுக்கும் என்று தெரிந்தேதான் மரத்தில் செய்திருக்கிறார்கள்.

ஆஷாட மாதம் இரண்டு வருகிற ஆண்டில் திருமேனி மாற்றுவார்கள். நவகளேபரம் என்று பெயர். எட்டு ஆண்டு இடைவெளியிலும் வரலாம், பத்தொன்பது ஆண்டும் ஆகலாம். தைதாபதிகள் என்ற சேவகர்கள் பிராச்சி நதிக்கரையிலுள்ள காகட்பூர் மங்களா அம்மனிடம் போய்க் கிடந்து, கனவில் உத்தரவு வாங்கி, மரம் தேடிப் புறப்படுவார்கள். ஜகந்நாதருக்கான வேம்பு கருமை படிந்திருக்க வேண்டும். நான்கு பெருங்கிளைகள் வேண்டும். அடியில் பாம்புப் புற்று, அருகில் நீர்நிலை, சுடுகாடு. பறவை கூடு கட்டியிருக்கக் கூடாது. பட்டையில் சங்கும் சக்கரமும் தெரிய வேண்டும். 2015-இல் அந்த மரம் ஜகத்சிங்பூர் மாவட்டத்துக் கரிபடியா என்ற கிராமத்தில் கிடைத்தது. முதலில் பொன் கோடரி, அடுத்து வெள்ளிக் கோடரி, பிறகுதான் இரும்பு.

கோயிலுக்குள்ளேயே கோயிலி வைகுண்டம் என்ற இடத்தில் புதிய திருமேனியைச் செதுக்குகிறார்கள். பழையதைப் புதைப்பதும் அங்கேதான். அத்தை அந்தத் திசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மதிலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். கும்பிடுவதா வேண்டாமா என்ற குழப்பம் முகத்திலேயே தெரிந்தது. நம் பக்கம் கோயிலில் சுடுகாட்டு வாசம் படக்கூடாது என்பார்கள். இங்கே மதிலுக்குள்ளேயே புதைகுழியும் வைகுண்டமும் ஒன்று.

செதுக்குவதற்கும் புதைப்பதற்கும் நடுவே ஓர் இரவு. ஊர் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். மூத்த தைதாபதிகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, கைகளிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, பழைய உடலிலிருந்து பிரம்ம பதார்த்தத்தை, அதாவது அவருடைய உயிர் என்று நம்பப்படும் பொருளை, எடுத்துப் புதிய உடலில் வைப்பார்கள். அது சாளக்கிராமம் என்பார் உண்டு, புத்தரின் பல் என்பார் உண்டு. ஊரில் அதிகம் சொல்லப்படுவது கண்ணன் கதை. ஜரன் என்ற வேடனின் அம்பு பட்டு இறந்த கண்ணனின் உடலில் நெருப்புக்கு அடங்காமல் மிஞ்சிய பகுதி, கடலில் மிதந்து புரிக்கு வந்ததாம். ஆக, ஏற்கெனவே ஒருமுறை இறந்தவர்தான் இவர்.

விடுதிக்காரர் மூலம் தைதா குடும்பத்து இளைஞர் ஒருவரைச் சந்தித்தோம். அத்தை தமிழில் கேட்க, நான் என் ஓட்டை இந்தியில் சொல்ல, அவர் அத்தையை "மாவுசி, மாவுசி" (சித்தி) என்று அழைத்துப் பதில் சொன்னார்.

பங்காளி விஷயம் முதலில் தீர்ந்தது. ஜகந்நாதரின் ஆதி வடிவமான நீலமாதவரைக் காட்டில் வைத்து வழிபட்ட சவரர் என்ற பழங்குடியின் தலைவன் விசுவாவசுவின் வழிவந்தவர்கள் தாங்கள் என்றார். கோயில் கட்டிய இந்திரத்யும்ன மன்னனின் வழியினருக்கு இல்லாத தீட்டு, காட்டில் மறைத்துவைத்துக் கும்பிட்டவனின் வழியினருக்கு. 2015-இல் அப்பாவோடு சேர்ந்து தானும் மொட்டை போட்டதாகச் சொல்லித் தலையைத் தடவிக் காட்டினார்.

"கண்ணையும் கட்டி, கையிலும் துணி சுற்றினால், உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தம்பி தெரியும்?" என்றார் அத்தை. எனக்கு மொழிபெயர்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை.

"தெரிந்துகொள்வது எங்கள் வேலை இல்லை, மாவுசி. யார் தூக்க வேண்டும், யார் மொட்டை போட வேண்டும், இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

அத்தை, "அதுவும் நியாயம்தான்" என்றார். உடனே, "பதின்மூன்றாம் நாள் இலையில் என்னென்ன போடுவீர்கள்?" என்று சமையலுக்குத் தாவிவிட்டார்.

எனக்கு 2015-இன் ரகளை நினைவுக்கு வந்தது. நள்ளிரவில் முடிய வேண்டிய மாற்றம் மறுநாள் பகல்வரை இழுத்துவிட்டது. ஒடிசா கொதித்தது. கடவுள் உயிரோடு வந்து சேர்ந்தாரா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. காரியத்தை நேரத்தில் செய்யவில்லை என்பதுதான் ஆத்திரம். பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு பங்காளிகள் மல்லுக்கு நின்றால் தெருவே திட்டுமே, அந்த ஆத்திரம்.

உண்மையில் ஜகந்நாதர் செத்துப்போயிருக்கக்கூடிய சமயம் வேறு. 1568-இல் வங்கத்துப் படைத்தலைவன் காலாபகார் திருமேனிகளைக் கைப்பற்றிக் கொண்டுபோய்க் கங்கைக் கரையில் எரித்தான் என்று கோயில் வரலாறான மாதளா பாஞ்சி சொல்கிறது. அப்போது தீட்டும் இல்லை, விருந்தும் இல்லை. பிசர மொகந்தி என்ற ஒருவர் மட்டும் பின்னாலேயே போய், எரிந்ததும் எரியாததுமான மரத்திலிருந்து பிரம்மத்தை எடுத்து, மிருதங்கத்துக்குள் ஒளித்துக் குஜங்கு என்ற ஊருக்குக் கொண்டுபோனார். பிற்பாடு குர்தா அரசர் ராமச்சந்திர தேவர் புதிய திருமேனி செய்து திரும்ப எழுந்தருளச் செய்யும்வரை ரத்ன சிம்மாசனத்தில் அவர் இல்லை. வெறும் பீடத்தைப் பார்த்த புரி மக்களுக்குக் கடவுள் இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்திருக்கும்? தெரிந்திருக்க வழியே இல்லை என்றுதான் நினைக்கிறேன். முறைப்படி கருமாதி நடக்கிற ஆண்டுகளில் எனக்கு அவரைப் பற்றிக் கவலையில்லை. அழவும் ஆளில்லாத அந்த ஆண்டுகளை நினைத்தால்தான் பகீரென்கிறது.

ஆனந்த பஜாரில் மகாபிரசாதம் வாங்கினோம். மண்சட்டியில் சோறு, பருப்பு, காய். உருளைக்கிழங்கும் தக்காளியும் இந்தச் சமையலில் சேராது. எந்தச் சாதிக்காரரும் அடுத்தவர் கையிலிருந்து எடுத்து உண்ணலாம். எச்சில் கணக்கும் கிடையாது. ஊரில் எச்சில், பத்து என்று ஆளை விரட்டும் அத்தை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒடிய அம்மாளின் சட்டியிலிருந்து கைவிட்டு எடுத்துச் சாப்பிட்டார். காய்ந்த பிரசாதச் சோற்றைச் சிறு பைகளில் நிர்மால்யமாக விற்கிறார்கள். உயிர் பிரியும் நேரத்தில் வாயில் இடுவதற்கு. அதிலும் இரண்டு வாங்கிக்கொண்டார். ஒன்று யாருக்கு என்று கேட்டதற்கு, "உனக்குத்தான், வேறு யாருக்கு?" என்றார்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஸ்நான பௌர்ணமியன்று மூர்த்திகளுக்கு மொத்தம் 108 குடம் நீராட்டிய பிறகு ஜகந்நாதருக்குக் காய்ச்சல் வந்துவிடும். பதினைந்து நாள் தரிசனம் கிடையாது. மூலிகை மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதும் அதே தைதாபதிகள்தான். அந்த நாள்களில் பக்தர்கள் பிரம்மகிரியில் உள்ள அலர்நாதரிடம் போய்விடுகிறார்கள். அங்கே பாயசம் பிரமாதம் என்று கேள்வி.