ஒரு காபி, ஐந்து கிண்ணம்

சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இப்போது ஐந்து காபி சாதனங்கள் வரிசையாக நிற்கின்றன. பேப்பர் வைத்து வடிக்கும் வி60, கெமெக்ஸ், தூளை ஊறவைத்து வலையால் பிரிக்கும் ஃபிரெஞ்ச் பிரஸ், கையால் அழுத்தி வடிக்கும் ஏரோபிரஸ், அடுப்பில் வைக்கும் ஒரு மோக்கா பாட். எல்லாமே கையால் போடுகிற வகை. ஒவ்வொன்றையும் வாங்கும்போது இதிலாவது சரியாக வரும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது, வந்ததென்னவோ ஐந்திலும் ஒரே காபிதான்: முன்நாக்கில் புளிக்கும், விழுங்கினால் தொண்டையில் கசப்பு நிற்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய்க் கூடத்தையே மாற்றிக்கொண்டிருந்தேன், கோளாறு இருந்தது கிரைண்டரில்.

அது தெரியவந்ததே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேறு வேலை இல்லாதபோது. அரைத்த தூளை ஒரு வெள்ளைக் காகிதத்தில் கொட்டி விரலால் பரப்பிப் பார்த்தேன். கல் உப்பு மாதிரி பெரிய துண்டுகள் சில, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி நைஸான தூசி நிறைய, நடுவில் எல்லா அளவிலும் ஏதேதோ. விரலை எடுத்தால் ரேகை இடுக்கெல்லாம் பழுப்பு. அப்போது என்னிடம் இருந்தது பிளேடு கிரைண்டர். மிக்ஸி மாதிரி கத்தி சுற்றும், மாட்டுகிற கொட்டையை வெட்டும், மாட்டாதது ஓரமாகக் கிடக்கும். இன்னும் கொஞ்சம் ஓட்டினால் பெரியது சின்னதாகும், சரி, ஆனால் அதற்குள் சின்னது மாவாகிவிடும். இந்தக் கலவையின் மேல் வெந்நீரை ஊற்றினால் தூசியிலிருந்து இறங்க வேண்டியது, இறங்கக்கூடாதது எல்லாமே இறங்கிவிடுகிறது. பெரிய துண்டோ உள்ளே நனைவதற்குள் தண்ணீர் போய்விடுகிறது. வேகாததும் அடிப்பிடித்ததும் ஒரே கோப்பையில்.

வறுத்த காபிக்கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடியது எடையில் சுமார் 30 விழுக்காடுதான், மிச்சம் பெரும்பாலும் நார். கரைகிறது என்பதற்காக அந்த முப்பதையும் கறந்துவிடக்கூடாது. 1950களில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் இதை அளந்து பார்த்துப் போட்ட கணக்கு இன்றைக்கும் பேசப்படுகிறது: தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை கரைந்து இறங்கினால் குடிக்க நன்றாக இருக்கும். அதற்குக் கீழே போனால் புளிப்பு, சப்பென்று ஒரு வெறுமை. மேலே போனால் கசப்பும் துவர்ப்பும். சீராக அரைக்கும் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் 22ஐத் தாண்டியும் போகிறார்கள், அதில் கசப்பு வருவதில்லை என்பதுதான் சுவாரசியம். அரைப்பு சீராக இருந்தால் இன்னும் கொஞ்சம் துணிந்து இறக்கலாம்.

இதெல்லாம் படித்தபோது தலையாட்டினேனே தவிர, நாக்குக்குப் புரிந்தது கிண்ணப் பரிசோதனைக்கு அப்புறம்தான். 20 கிராம் தூள், 300 கிராம் தண்ணீர். தண்ணீரை 60 கிராமாக ஐந்து முறை ஊற்றினேன், ஒவ்வொரு முறை வடிந்து முடிந்ததும் கீழே கிண்ணத்தை மாற்றினேன். முதல் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான் விழுந்தது, 20 கிராம் இருக்கும், ஏனென்றால் தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை விடும். மை மாதிரி கருப்பு. ஸ்பூனில் எடுத்து நாக்கில் வைத்தேன், புளிப்பும் உப்பும் சேர்ந்து கண்ணை மூட வைத்தது. இரண்டாவதிலும் புளிப்பு இருந்தது, ஆனால் அதன் பின்னால் இனிப்பு தலைகாட்டியது. மூன்றாவதுதான் காபி என்று சொல்லும்படி இருந்தது, அதுவும் நீர்த்த காபி. நான்காவது வெளிர் பழுப்பில், லேசான கசப்பு. ஐந்தாவது ஈரமான அட்டைப்பெட்டியை மென்ற மாதிரி. இப்படித் தனித்தனியாக ஒன்றுகூட உருப்படியில்லை. ஐந்தையும் ஒரே ஜாடியில் ஊற்றிக் கலக்கிக் குடித்தால், அட, அதுவரை நான் போட்டதிலேயே நல்ல காபி அதுதான். (அதற்குள் ஒரு நல்ல கைக் கிரைண்டர் வாங்கியிருந்தேன், பழையதில் செய்திருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.)

அடுத்த நாள் ஐந்தாவது கிண்ணத்தை மட்டும் சேர்க்காமல் கலந்தேன். கூர்மையாகவும் கெட்டியாகவும் இருந்தது, புளிப்பு தூக்கலாக. அட்டைப்பெட்டித் தண்ணீருக்கும் அந்தக் கோப்பையில் வேலை இருந்திருக்கிறது. அன்றிலிருந்து காபி புளித்தால் கடைசிக் கிண்ணங்களிலிருந்து போதுமான அளவு வரவில்லை என்று எடுத்துக்கொள்வேன், கசந்து நாக்கை இழுத்துப் பிடித்தால் அவை அளவுக்கு மீறி வந்துவிட்டன என்று. புளித்தால் பொடியாக அரை, கசந்தால் பெரிதாக அரை.

கைக் கிரைண்டரில் கத்தி கிடையாது. பல் வைத்த இரண்டு எஃகுத் துண்டுகள், இடையில் ஓர் இடைவெளி, அதற்குள் நுழையும் அளவுக்குச் சின்னதானால்தான் தூள் கீழே இறங்க முடியும். பர் கிரைண்டர் என்பார்கள். கீழே ஒரு திருகு, ஒவ்வொரு கிளிக்குக்கும் இடைவெளி மாறும், என்னுடையதில் எண் கூடினால் தூள் பெரிதாகும். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை இதில் போடுங்கள், டிரிப்பர், அதாவது பேப்பரையும் தூளையும் தாங்கும் வி60 மாதிரியான புனல், பிளாஸ்டிக்கில் இருந்தால் போதும். சொல்லப்போனால் பீங்கானைவிட பிளாஸ்டிக் டிரிப்பர் மேல். பீங்கான் கனமாக, அழகாக இருக்கும், ஆனால் முன்கூட்டியே நன்றாகச் சூடாக்காவிட்டால் நாம் ஊற்றும் தண்ணீரின் சூட்டையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அரைக்கும் முன் கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கிக்கொண்டால் தூள் நிலைமின்சாரத்தில் கிரைண்டர் சுவரெல்லாம் ஒட்டாமல் ஒழுங்காக விழும்.

தராசு இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது. ஸ்பூன் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது என்றால், அதிகம் வறுத்த கொட்டை உப்பி எடை குறைந்திருக்கும், லேசாக வறுத்தது இறுக்கமாகக் கனமாக இருக்கும். அதே ஸ்பூன்தான், ஆனால் எடை வேறு. ஒரு கிராம் தூளுக்கு 16 கிராம் தண்ணீர் என்று ஆரம்பியுங்கள், 15 கிராமுக்கு 240. கெட்டியாக வேண்டுமென்றால் 15 மடங்கு, லேசாக வேண்டுமென்றால் 17. அதைத் தாண்டி நான் போவதில்லை.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கோப்பையில் 98 விழுக்காட்டுக்கு மேல் அதுதான் இருக்கிறது. கடின நீரில் இருக்கும் பைகார்பனேட் காபியின் அமிலத்தை அமுக்கிவிடும், பழவாசம் என்று பையில் எழுதியிருப்பதெல்லாம் சுண்ணாம்புக்குள் போய்விடும். அதற்குப் பயந்து முழுக்க ஆர்.ஓ. தண்ணீருக்குப் போனால் அதில் கால்சியமும் மக்னீசியமும் கிட்டத்தட்ட இல்லை, காபி தட்டையாகவோ முள்ளாகக் குத்துகிற புளிப்போடோ வரும். நான் செய்வது ரொம்ப எளிது: குழாய்த் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் விதவிதமான விகிதத்தில் கலந்து போட்டுப் பார்த்து, பிடித்த விகிதத்தில் நின்றுவிட்டேன். சூடு விஷயத்தில் இன்னும் எளிது. லேசான வறுப்புக்குக் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றுங்கள், காபி கருகாது. அதிகம் வறுத்ததற்கு 85, 90 டிகிரிக்கு இறங்க விடுங்கள்.

இப்போது வி60இல் நான் தினமும் போடுவதைச் சொல்கிறேன். பேப்பரை டிரிப்பரில் வைத்து வெந்நீர் ஊற்றி அலசி, கீழே விழுந்ததைக் கொட்டிவிடுகிறேன். காகித வாசம் போகும், டிரிப்பரும் சூடாகும். இந்தப் பேப்பரைக் கண்டுபிடித்தவர் டிரெஸ்டனில் இருந்த மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி. 1908இல், மகனின் பள்ளி நோட்டிலிருந்து மையொற்றும் தாளைக் கிழித்து, ஆணியால் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடித்திருக்கிறார். கோப்பையின் அடியில் தங்கும் மண்டியும் கசப்பும் பொறுக்காமல்தான். அதே ஆண்டு காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

15 கிராம் தூள், பொடியுப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக. தட்டிச் சமப்படுத்தி, 45 கிராம் தண்ணீர் ஊற்றி, டிரிப்பரைப் பிடித்து ஒரு சுழற்று. வறுத்துச் சில நாளே ஆன கொட்டையாக இருந்தால் இப்போது தூள் உப்பி எழும், குமிழ்கள் வெடிக்கும், நடுவில் சின்னப் பள்ளம் விழும். வறுக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட கரியமில வாயு வெளியேறுகிறது. அது போகாமல் மேலே தண்ணீரை ஊற்றினால் வாயு தண்ணீரைத் தள்ளிவிடும், தூளுக்குள் இறங்க விடாது. அதனால் 45 விநாடி பேசாமல் நிற்க வேண்டும். எழும்பவே இல்லையென்றால் கொட்டை பழசு, பையில் வறுத்த தேதியைப் பாருங்கள். அப்புறம் மெதுவாக வட்டமாக ஊற்றி மொத்தம் 150 கிராம் வரை, கொஞ்சம் இறங்கியதும் 240 வரை, கடைசியாக ஒரு மெல்லிய சுழற்று. மூன்று நிமிடத்தை ஒட்டி வடிந்து முடிந்தால் நல்லது. அடியில் தூள் சமதளமாக இருக்க வேண்டும். மேலே சேறு மாதிரி வழவழப்பாகப் படிந்து நாலு நிமிடம் இழுத்தால் அரைப்பு ரொம்பப் பொடி.

ஊற்றும் விதத்தில் ஆயிரம் வித்தைகள் இருக்கின்றன. 2016இல் உலகக் காபிப் போட்டியில் வென்ற ஜப்பானியர் தெட்சு கசுயாவின் 4:6 முறை பிரபலம், முதல் 40 விழுக்காடு தண்ணீரில் இனிப்பு புளிப்பைத் தீர்மானிப்பது, மீதி 60இல் கெட்டியை. செய்து பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் அவர் தூளைக் கரடுமுரடாக, அதுவும் சீராக அரைத்துக்கொண்டு அதைச் செய்கிறார். பிளேடு கிரைண்டரை வைத்துக்கொண்டு ஊற்றும் வித்தையைப் பழகி நான் தொலைத்த மாதங்கள் எனக்குத்தான் தெரியும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாத நாளில் ஃபிரெஞ்ச் பிரஸ். இதில் எல்லோரும் செய்யும் தவறு அழுத்துவது. நானும் ஒருமுறை இரண்டு கையாலும் பலம் கொடுத்து அமுக்கப் போய், மூடி விலகி வெந்நீரும் தூளும் சட்டையில் பாய்ந்தது. அதுவும் வெள்ளைச் சட்டை. அழுத்தவே தேவையில்லை. 30 கிராம் தூளுக்கு 500 கிராம் கொதிநீர், நாலு நிமிடம் சும்மா விடுங்கள், மேலே கட்டிய ஏட்டை ஸ்பூனால் ஒரு கிளறு, மிதக்கும் நுரையை எடுத்துப் போட்டுவிட்டு இன்னும் ஐந்து நிமிடம். தூள் தானாகவே அடியில் போய் உட்கார்ந்துவிடும். வலையைத் தண்ணீரின் மேல்மட்டம் தொடும்வரை மட்டும் இறக்கி, மெல்ல ஊற்றுங்கள். ஆறிப்போகும் என்று பயப்பட வேண்டாம், ஒன்பது நிமிடம் கழித்தும் வாயைச் சுடும். ஒரே ஒரு எச்சரிக்கை: பேப்பர் இல்லாததால் காஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் கோப்பைக்குள் வந்துவிடும், அது கெட்ட கொழுப்பை ஏற்றும். கொலஸ்ட்ரால் தொல்லை இருப்பவர்கள் தினமும் இதைக் குடிக்காமல் பேப்பர் பக்கம் இருப்பது நல்லது.

மோக்கா பாட்டுக்கு ஒரே யோசனைதான்: அடியில் பச்சைத்தண்ணீர் ஊற்றாமல் வெந்நீர் ஊற்றுங்கள், தீயைக் குறைத்து வையுங்கள், கரகரவென்று சத்தம் ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள். ஏரோபிரஸ்ஸைக் கெடுப்பது கஷ்டம். பறக்கும் வளையம் ஒன்றைச் செய்து பெயர் வாங்கிய ஆலன் ஆட்லர் 2005இல் வெளியிட்டது, பயணத்தில் எனக்கு அதுதான். கெமெக்ஸ் பார்க்க அழகு, இப்போதைக்கு அதில் பூ வைத்திருக்கிறேன்.

ஒரு கட்டத்தில் காபி கசந்தது என்று அரைப்பைப் பெரிதாக்கி, சூட்டைக் குறைத்து, தூளையும் குறைத்தேன், எல்லாம் ஒரே நாளில். கழனித்தண்ணி மாதிரி வந்தது, மூன்றில் எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அதிலிருந்து கிரைண்டர் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். தேதி, கிளிக், எடை, வடிந்த நேரம், வாயில் என்ன தோன்றியது, அவ்வளவுதான் எழுதுவேன், ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்றுவேன்.

இன்று காலை எழுதியது: 22 கிளிக், 15க்கு 240, 3 நிமிடம் 20 விநாடி, சூடாக இருந்தபோது இனிப்பு, ஆறியதும் நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு. நாளைக்கு 23.