கோவையில் ஒரு சாயங்காலம், கோழிக்கோட்டில் பாதி மனசு

ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் பையன்கள் எல்லாருமே ஏதாவது ஒரு வெளிநாட்டு கிளப்பின் ரசிகர்கள். லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், பார்சிலோனா. போன வாரம் மதியம் சாப்பிடும்போது, அவரவர் டீமோடு மறக்கவே முடியாத நாள் எது என்று பேச்சு வந்தது. லிவர்பூல் பையன் இஸ்தான்புல் 2005 என்றான், சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். அப்போது அவனுக்கு நாலு வயசு, பிறகு யூடியூபில் பார்த்ததுதான், ஆனாலும் 0-3 எப்படி 3-3 ஆனது என்று சொல்லும்போது அவன் குரலே மாறிவிட்டது. என் முறை வந்தது. 2019 மார்ச் 9, நம்ம நேரு ஸ்டேடியம் என்றேன். ஒருத்தருக்கும் புரியவில்லை. "அங்க என்ன ஆச்சுங்கண்ணா?" என்று கேட்டவனுக்கு வீடு காந்திபுரத்தில், ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னேன், கை கழுவுவதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அதனால் இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன்.

சென்னை சிட்டி என்று ஒரு கிளப் இருந்தது. பெயர்தான் சென்னை, ஆனால் 2017-18 சீசனிலிருந்து அவர்களுக்குச் சொந்த மைதானம் கோயம்புத்தூர். தேசிய அளவில் நடந்த கிளப் போட்டியான ஐ-லீகில் ஆடினார்கள். முதல் இரண்டு வருஷமும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே கிடந்த டீம். மூன்றாவது வருஷம் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியில், ஸ்பெயினிலிருந்து வந்த நாலைந்து பேரோடு நம்ம ஊர்ப் பையன்களும் சேர்ந்து ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பந்தைத் தரையிலேயே வைத்து, சின்னச் சின்னப் பாஸாகக் கொடுத்து, பின்னாலிருந்து கட்டிக்கொண்டு போவார்கள். பார்க்கவே அவ்வளவு சுகமாக இருக்கும். எட்வின் சிட்னி வன்ஸ்பால் நடுவில் ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்குவார், நெஸ்டர் கோர்டில்லோ அதை வாங்கித் திருப்புவார், முன்னால் பெட்ரோ மான்ஸி. அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே மான்ஸி ஹாட்ரிக் அடித்தார், இந்தியன் ஆரோஸுக்கு எதிராக 4-1. அன்றைக்கு கேலரியில் கூட்டமே இல்லை. நானும் அப்பாவும் சிமென்ட் படியில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு பார்த்தோம்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஞ்சாலைத் தொழிலாளி. மில் டீமில் லெஃப்ட் பேக்காக ஆடியவர், ஷிஃப்ட் முடிந்து பஞ்சுத்தூசியை உதறிவிட்டு நேரே மைதானத்துக்குப் போன ஆள். மில்லும் மூடியாயிற்று, டீமும் போயிற்று, அதற்கப்புறம் பல வருஷம் அவர் ஃபுட்பால் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. சென்னை சிட்டி வந்த பிறகுதான் அந்தப் பேச்சு திரும்ப வந்தது. எனக்கு அந்த கிளப் மேல் இருக்கும் பாசத்தில் பாதி அதனால்தான்.

சரி, மார்ச் 9. லீகின் கடைசி நாள். நமக்கு 40 புள்ளி, கொல்கத்தா கிளப்பான ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அதற்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்றிருந்தோம், அதனால்தான் கடைசி நாள் வரை இழுத்தது. இங்கே நாம் மினர்வா பஞ்சாபை ஜெயிக்க வேண்டும், முந்தைய வருஷ சாம்பியன்கள் அவர்கள். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஈஸ்ட் பெங்கால் ஆடுகிறது. நாம் டிரா செய்து அவர்கள் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்கு. நாம் ஜெயித்தால் யார் என்ன செய்தாலும் நமக்கு. தமிழ்நாட்டு கிளப் எதுவும் அதுவரை ஐ-லீக் பட்டத்தை வென்றதில்லை.

வ.உ.சி. பூங்கா பக்கமிருந்து நடந்து வரும்போதே தெரிந்துவிட்டது, இது வழக்கமான கூட்டம் இல்லை. ஸ்டேடியத்தைச் சுற்றியிருக்கும் கடைகளின் வாசலில் எல்லாம் நம்ம டீமின் ஆரஞ்சு ஜெர்சி. நாங்கள் எப்போதும் உட்காரும் படியில் இடம் இல்லை, பத்து வரிசை மேலே போய் உட்கார்ந்தோம். பக்கத்தில் பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு சேட்டன், ஐம்பது வயசு இருக்கும், கையில் போனை வைத்து கோழிக்கோட்டு ஆட்டத்தை ஓடவிட்டிருந்தார். அவர் கோகுலம் ரசிகர். அங்கே போக லீவு கிடைக்கவில்லை, இது பக்கம் என்று இங்கே வந்துவிட்டாராம். அவருக்கும் ஈஸ்ட் பெங்கால் தோற்க வேண்டும், எங்களுக்கும் தோற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

மூன்றாவது நிமிடத்தில் மினர்வா கோல் அடித்துவிட்டது. ரோலண்ட் பிலாலா. கேலரியில் பாதிப் பேர் இன்னும் உட்காரவே இல்லை. அவ்வளவு பெரிய கூட்டம் அப்படி வாயடைத்துப்போய் நான் பார்த்ததில்லை, கீழே மினர்வா ஆட்டக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொள்வது மேலே வரை கேட்டது. முதல் பாதி முழுக்க அப்படியே போனது. நான் எழுந்து எழுந்து நிற்க, அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காரு கண்ணு, இன்னும் நாப்பத்தஞ்சு நிமிசம் இருக்குதல்ல" என்றார். அவர் கையிலும் சுண்டல் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்ததைக் கவனித்தேன்.

இடைவேளைக்குப் பிறகு 56-வது நிமிடம், பெனால்டி. மான்ஸி நின்றார். அப்பா பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். அது மான்ஸிக்கு அந்த சீசனில் 21-வது கோல். 1-1.

69-வது நிமிடத்தில் கௌரவ் போரா. அசாம்காரர், தற்காப்பு ஆட்டக்காரர், அவரிடமிருந்து கோல் வரும் என்று யாரும் அன்றைக்கு நினைத்து வந்திருக்க மாட்டார்கள். 2-1. நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்றே தெரியவில்லை. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் சேட்டன் என் தோளை அடித்து, "கோகுலம் ஒண்ணு அடிச்சு! அங்கயும் அடிச்சு!" என்று போனைக் காட்டுகிறார். எங்கள் வரிசையில் ஆரம்பித்த அந்தச் செய்தி வரிசை வரிசையாகக் கீழே இறங்கியதைப் பார்த்தேன், காற்றில் நெல்வயல் சாய்கிற மாதிரி தலைகள் திரும்பிக்கொண்டே போயின. அந்தப் பத்து நிமிடம் சொர்க்கம்.

அப்புறம் சேட்டன் முகம் மாறியது. ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு பெனால்டி, 1-1. கொஞ்ச நேரத்தில் அவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டார். கேட்கத் தேவையே இல்லை. அங்கே 2-1, ஈஸ்ட் பெங்கால் முன்னிலை.

எனக்கு மறக்கவே முடியாதது அதிலிருந்து கடைசி வரை போன அந்தச் சில நிமிடங்கள்தான். இரண்டு ஊரிலும் 2-1. இங்கே ஒரே ஒரு கோல் விழுந்தால் எல்லாம் போச்சு. மினர்வா பந்தை மேலே தூக்கித் தூக்கிப் போடுகிறது. யாரும் உட்காரவில்லை, யாரும் பாடவில்லை, டிரம்ஸ் நின்றுவிட்டது. எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்பா என் கையைப் பிடித்திருந்தார். சின்ன வயதில் ரோடு கடக்கும்போது பிடித்ததுதான், அதற்கப்புறம் அவர் என் கையை அப்படிப் பிடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அழுத்திப் பிடித்ததில் அவர் மோதிரம் என் விரலில் பதிந்துபோயிருந்தது, அதை ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

இஞ்சுரி டைம். 93-வது நிமிடம். மறுபடியும் போரா.

3-1. அப்பா சத்தம் போடவில்லை. "ஜெயிச்சுட்டோம்ல?" என்று என்னிடம் கேட்டார், பக்கத்தில் சேட்டனைப் பார்த்து அதையே திரும்பக் கேட்டார். சேட்டன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருடைய டீம் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், எங்களுக்காக அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டார். 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி.

அதற்கப்புறம் நடந்தது சீக்கிரம் நடந்துவிட்டது. கொரோனா வந்தது, 2020-21 சீசனை வங்காளத்திலேயே வைத்து, மூடிய மைதானங்களில் நடத்தினார்கள், அதற்கு அடுத்த சீசன் ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. மான்ஸி எப்போதோ போய்விட்டார். எட்வின் ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற வேறொரு கிளப்புக்கு ஆடப் போனார், அவர் பெயர் வரும்போதெல்லாம் நான் நின்று டிவியைப் பார்ப்பேன். லிவர்பூல் பையனுக்கு அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது. எனக்கு இல்லை. அது வலிக்கத்தான் செய்கிறது, வருஷம் போகப்போகக் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

சேட்டனின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. மார்ச் மாதம் ஒருமுறை பேசுவோம். அவர் முதலில் கேட்பது அப்பாவைப் பற்றித்தான்.

அப்பா நன்றாக இருக்கிறார். முட்டி வலி மட்டும்தான். அன்றைக்கு கேட்டுக்கு வெளியே அவருக்கு ஒரு ஆரஞ்சு ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன், இப்போது அது வெளுத்து ஆரஞ்சுமிட்டாய் நிறத்துக்கு வந்துவிட்டது, அக்குளில் அம்மா இரண்டு இடத்தில் தையல் போட்டிருக்கிறார். காலையில் நடக்கப் போகும்போது அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்.