கராய் விக்டோரியா பாலமும் அரசங்கன்றும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் குடியிருந்துகொண்டு ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்த எனக்கு, பழைய பாலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கராய் விக்டோரியா பாலம்தான். பேராக் ஆற்றின் மேல், செங்கல் தூண்களும் இரும்புச் சட்டங்களுமாக, சுமார் 350 மீட்டர் நீளம். 1897இல் தொடங்கி 1900இல் முடித்தார்கள். முதலில் வெள்ளீயம், அப்புறம் ரப்பர் என்று பேராக்கின் சரக்கெல்லாம் ரயிலேறிய காலம் அது. 2002இல் பக்கத்தில் கான்கிரீட் பாலம் வந்ததும் இதில் ரயில் நின்றது. இப்போது கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம்தான்.

இந்த மாதிரிப் பாலங்களில் இரும்பை இணைத்திருப்பது ரிவெட் ஆணி. ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். இறுக்கமாக இருந்தால் ‘ணங்’ என்று கேட்கும். தளர்ந்திருந்தால் ‘டொக்’. மண்டோர், அதாவது எங்கள் மேற்பார்வையாளர், அதைச் சுற்றி சாக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு நகர்வார். நூறு வருடம் ரயில் ஓடியதற்குப் பின்னால் இந்தத் தட்டல் இருக்கிறது. அதைச் செய்தவர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர். 1885இல் தைப்பிங்–போர்ட் வெல்ட் முதல் பாதையைப் போடவே இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

இரும்பைவிட எனக்குக் கவலை கல்லும் செங்கல்லும்தான். எங்கள் செக்‌ஷனில், தோட்டத்து ஓடையின் மேல் சின்னக் கல் வளைவுப் பாலம் ஒன்று இருந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அழகாக இருக்கட்டும் என்று யாரோ இடுக்கெல்லாம் சிமெண்டு பூசிவிட்டார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்டு விடாது. உள்ளே தங்கிய ஈரம் கல்லின் முகத்தையே அரித்தது. கை வைத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சும்மா விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு எதிரி அரசங்கன்று. பறவை போட்ட விதை இடுக்கில் முளைக்கும். விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். வேர் இறங்கிவிட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும், இழுத்தால் கல்லும் கூடவே வரும்.

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரத்தை இன்றும் வேலி போட்டுக் காக்கிறார்கள். அந்த அக்கறை பாலங்களுக்கும் வேண்டும். பாரம்பரியச் சின்னம் என்று பலகை வைப்பவர்கள், ஆண்டுதோறும் ஏணியோடு இரண்டு ஆட்களையும், சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த ஒரு கொத்தனாரையும் அனுப்பும் செலவை ஏற்க வேண்டும். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் இதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.