அம்மாவின் கல்ச்சர் ரிப்போர்ட்

கடந்த ஆண்டு ஆவணி மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த என் அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அவருக்கு 72 வயது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் இரவு குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டு, விடிவதற்குள் இரத்த அழுத்தம் இறங்கிவிட, ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள்.

இரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சென்றன. முழு ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆகும் என்பதால் அதுவரை காத்திராமல் மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் மருத்துவர் அந்தத் தாளை என் கையிலேயே கொடுத்தார். மேலே கிளெப்சியெல்லா நிமோனியே என்ற கிருமியின் பெயர். கீழே வரிசையாக மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆர்', அதாவது அந்த மருந்துக்கு இந்தக் கிருமி கட்டுப்படாது. மெரோபெனத்துக்கும் 'ஆர்'தான். கொலிஸ்டினுக்கு எதிரே மட்டும் 'ஐ', அதாவது இடைநிலை, என்றிருந்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970களில் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டு, வேறு வழியில்லாததால் திரும்ப வந்த பழைய மருந்து அது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அம்மாவுக்கு ஏற்கெனவே 1.8, இயல்பைவிட அதிகம்.

கிருமி சுரக்கும் என்.டி.எம். என்ற நொதிதான் மெரோபெனத்தை உடைக்கிறது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். புதுதில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதால் அதற்கு அந்நகரின் பெயரே வைக்கப்பட்டது. அஸ்ட்ரியோனம் என்ற மருந்தை என்.டி.எம். உடைப்பதில்லை, ஆனால் அதே கிருமியிடம் இருக்கும் வேறு நொதிகள் உடைத்துவிடும், அவற்றை அவிபாக்டம் தடுக்கும். ஆகவே செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்தையும் அஸ்ட்ரியோனத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். விலை எங்கள் கைக்கு மீறியதுதான். தங்கையின் வளையல்களை அடகு வைத்துக் கட்டினோம்.

கிருமி எந்த வழியாக வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஆனால் இரத்தத்திலும் சிறுநீரிலும் வளர்ந்தது ஒரே கிருமி. அறுவை சிகிச்சையன்று போட்ட சிறுநீர்க் குழாய் ஆறாம் நாளும் அப்படியே இருந்தது. அம்மா எழுந்து நடக்க முடியாததால் அது வசதியாக இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "இன்னும் தேவையா?" என்று தினமும் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

ரிப்போர்ட் வந்தபின், கிருமி மற்றவர்களுக்குப் பரவாதிருக்க அம்மாவுக்குத் தனி அறை. வாசலில் கைகளில் தேய்த்துக்கொள்ளும் மருந்துப் பாட்டில். உள்ளே வருபவர்களுக்குக் கையுறையும் மேலங்கியும். அந்த அறைக்கென்றே ஒரு ஸ்டெதஸ்கோப், ஒரு பி.பி. கருவி. கையுறையைக் கழற்றிய பிறகும் கை தேய்க்க வேண்டும் என்று ஒரு சிஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தார்: உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி. கட்டைவிரலைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள் என்றார். ஓர் இரவு அடுத்த அறையிலிருந்து நேராக வந்த ஊழியர் கட்டில் கம்பியைப் பிடிக்கப் போனபோது, "அண்ணே, கையத் தேய்ச்சுட்டு வந்துருங்க" என்றேன். தயக்கத்தோடுதான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, "நல்லவேளை சொன்னீங்க" என்று திரும்பிப் போய்த் தேய்த்துக்கொண்டு வந்தார்.

புதிய மருந்துகள் தொடங்கிய ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பதினான்கு நாள் மருந்து முடிந்து வீடு திரும்பும்போது, நோய் தீர்ந்தாலும் இந்தக் கிருமி குடலில் பல மாதங்கள் தங்கியிருக்கக்கூடும், வேறு எங்கே சேர்த்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று மருத்துவர் கேட்டுக்கொண்டார். தை மாதம் கண்புரை அறுவைக்கு வேறொரு மருத்துவமனைக்குச் சென்றபோது, பதிவு மேசையிலேயே அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். அங்கிருந்த பெண் அதைப் படித்துவிட்டு உள்ளே போய்ப் பேசினார். அம்மாவை அன்றைய பட்டியலில் கடைசி ஆளாக மாற்றி, தனியாக உட்காரவைத்தார்கள்.